கல்யாணமான பெண்களுக்கு அரசு வேலை: வயசு வரம்பு, சான்றிதழ், நடுவுல விட்ட வருஷங்கள்

கரூர்மைனா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வயசு 36, பிசி. பி.எஸ்சி கணக்கு, பி.எட். 2013-ல டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) இரண்டாம் தாள் பாஸ். அப்போ வெயிட்டேஜ் முறை, டெட் மார்க்கோட பிளஸ் டூ, டிகிரி மார்க்கையும் சேர்த்துப் பார்ப்பாங்க, என் பிளஸ் டூ மார்க் காலை வாரிடுச்சு. அதுக்கப்புறம் கல்யாணம், ரெண்டு பசங்க. சின்னவன் இந்த வருஷம் ஒண்ணாவது சேர்ந்தாச்சு. வீட்டுக்காரர் கொசுவலை கம்பெனியில சூப்பர்வைசர்.

மறுபடியும் படிக்கலாம்னு உக்காந்தா ஆரம்பத்துலயே சிக்கல். டெட் சர்டிபிகேட்ல ஏழு வருஷம் செல்லும்னு போட்டிருக்கு, அந்தக் கணக்குப்படி 2020-லயே காலாவதி. வேலைவாய்ப்பு ஆபீஸ் பதிவைப் புதுப்பிக்கவே இல்ல. ஜாதிச் சான்றிதழ் அப்பா பேர்ல, பிறந்த ஊர் தாலுகாவுல வாங்கின பழைய அட்டை. ரேஷன் கார்டு மாமியார் வீட்டு விலாசம். சென்ட்ரல் கவர்ன்மென்ட் பரீட்சையும் எழுதிப் பார்க்கலாம்னு ஓபிசி சான்றிதழ் கேட்டா, வீட்டுக்காரரோட சம்பளச் சான்று கொண்டு வான்னாங்க.

இதெல்லாம் சின்னக் கேள்வி. பெரிய கேள்வி இதுதான்: என்னை மாதிரி பத்து வருஷம் வீட்டுல இருந்துட்டு திரும்பி வர்றவங்களுக்குன்னு அரசாங்கத்துல வயசுத் தளர்வோ, பயிற்சியோ, கோட்டாவோ தனியா ஏதாச்சும் இருக்கா?

பழையகோப்பு எழுதியது:

வருவாய்த்துறையில கண்காணிப்பாளரா இருந்து ஓய்வு பெற்றவன். தெரிஞ்சதைச் சொல்றேம்மா.

முதல்ல டெட். அந்தச் சர்டிபிகேட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. 2021 ஜூன்ல டெட் தகுதி ஆயுள் முழுக்கச் செல்லும்னு மாத்திட்டாங்க. 2011-லிருந்து பாஸ் பண்ணின எல்லாருக்கும் முன்தேதியிட்டுப் பொருந்தும். ஏழு வருஷம்னு அச்சடிச்சிருந்தாலும் செல்லும். நீங்க மறுபடி டெட் எழுத வேண்டியதில்ல.

வெயிட்டேஜும் போயிடுச்சு. 2018-ல வந்த அரசாணை 149-படி, டெட் பாஸ் பண்ணினவங்களுக்குத் தனியா ஒரு போட்டித் தேர்வு. பட்டதாரி ஆசிரியருக்கு அந்த முறையில 2024 பிப்ரவரியில டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) தேர்வு நடத்தினாங்க. இதுல கட்டாயத் தமிழ்த் தகுதித் தாள் உண்டு, அதுல தேறலைன்னா மத்த தாளைத் திருத்தவே மாட்டாங்க. கணக்கு வாத்தியார்கள் அங்கதான் கோட்டை விடறாங்க.

வயசு: முன்னாடி ஆசிரியர் வேலைக்கு 57 வரை போகலாம்னு இருந்தது. 2020 ஜனவரியில பொதுப்பிரிவுக்கு 40, மத்தவங்களுக்கு 45-ன்னு திடீர்னு குறைச்சாங்க. அந்த ஆணையால அதிகம் அடிபட்டது உங்களை மாதிரி பிள்ளை வளர்த்துட்டு வந்தவங்கதான். அப்புறம் போராட்டம், பேச்சுவார்த்தை. 2023 அக்டோபர்ல பொதுப்பிரிவுக்கு 53, மத்தவங்களுக்கு 58-ன்னு ஆச்சு. உங்களுக்கு இன்னும் நிறைய வருஷம் இருக்கு.

சாதி பிறப்பால வர்றது, கல்யாணத்தால மாறாது. உங்க அப்பா பேர்ல இருக்கிற அட்டைதான் சரியான ஆவணம். ஓபிசி சான்றிதழுக்கு கிரீமி லேயர், அதாவது சலுகை தேவைப்படாத வசதியான குடும்பமான்னு பார்க்கிறது பெற்றோரோட நிலையை வச்சு. உங்க சம்பளமும் சேராது, கணவர் சம்பளமும் சேராது. கவுண்டர்ல இருக்கிற பாதிப் பேருக்கு இது தெரியாது. மத்தியப் பணியாளர் துறை விளக்கக் கடிதத்தைப் பிரிண்ட் எடுத்துக்கிட்டுப் போங்க, வாக்குவாதம் பண்ணாதீங்க, தாளை நீட்டுங்க.

ஆனா பொதுப்பிரிவுல இருக்கிற சகோதரிகள் கவனிக்கணும்: பொருளாதாரத்துல பின்தங்கினவங்களுக்கான மத்திய அரசின் 10 சதவீத இடஒதுக்கீட்டுக்குக் குடும்ப வருமானம்னா கணவர் வருமானமும் சேரும். ஒரே கவுண்டர், ஒரே பெண், ஒரு சான்றிதழுக்கு அப்பன் கணக்கு, இன்னொண்ணுக்கு அப்பனும் புருஷனும் சேர்ந்த கணக்கு. சர்வீஸ்ல இருந்தப்பவே எனக்கு இது விநோதமாத்தான் பட்டது.

பெரிய கேள்விக்குப் பதில்: கணவர் உயிரோட, சேர்ந்து வாழற பெண்ணுக்குன்னு தனித் தளர்வு எதுவும் கிடையாது. பெண்களுக்கான 30 சதவீதம் பொதுவானது, 1989-லிருந்து இருக்கு. கல்யாணம் ஆனவங்களும் ஆகாதவங்களும் அதுலதான் போட்டி போடணும்.

செம்பருத்தி எழுதியது:

கோப்பு ஐயா கடைசிப் பத்தியில போகிற போக்குல சொன்னதுதான் முழு விஷயமும். நான் அதை விரிச்சு எழுதறேன்.

எஸ்எஸ்சி (மத்தியப் பணியாளர் தேர்வாணையம்) மாதிரி மத்திய அரசு குரூப் சி அறிவிக்கையை எடுத்துப் பாருங்க. வயசுத் தளர்வு அட்டவணையில ஒரு வரி இருக்கும்: விதவை, விவாகரத்தானவர், நீதிமன்றம் மூலமா பிரிந்து வாழறவர், மறுமணம் செய்யாதவரா இருக்கணும், 35 வயசு வரை. எஸ்சி, எஸ்டின்னா 40. டிஎன்பிஎஸ்சியில ஆதரவற்ற விதவைன்னு தனிப்பிரிவு. பெண்களுக்கான இடத்துல பத்துல ஒண்ணு அவங்களுக்கு. ஆனா அங்க மாசம் எல்லா வழியிலும் சேர்த்து 4,000 ரூபாய்க்கு மேல வரக்கூடாது. விவாகரத்தானவங்களும் கணவன் கைவிட்டவங்களும் அந்தப் பிரிவுல வரமாட்டாங்கன்னு தெளிவா எழுதியே வச்சிருக்காங்க.

இந்தத் தளர்வு வேண்டாம்னு சொல்லல. அவங்களுக்கு இன்னும் கூடவே தரணும். நான் கேக்கறது வேற. இந்த விதிகளை எழுதினவங்க மனசுல ஒரு படம் இருக்கு: பொண்ணு அப்பா வீட்டுல இருக்கும்போது அப்பா பார்த்துப்பார், அப்புறம் புருஷன் பார்த்துப்பார், புருஷன் போயிட்டா அரசாங்கம் பார்க்கும். நடுவுல அவளே தன்னைப் பார்த்துக்க நினைச்சா எந்தக் கட்டத்துல டிக் அடிக்கிறது? தாலி அறுந்தாதான் அரசாங்கத்துக்குக் கண்ணு தெரியும்.

வைகைக்கரையான் எழுதியது:

மன்னிக்கணும், எல்லாரும் ஒரே பக்கமா பேசறீங்க. குரூப் 4-க்கு லட்சக்கணக்குல அப்ளை பண்றாங்க, வேலை சில ஆயிரம். கல்யாணமே ஆகாம, வீட்டுல தண்டச்சோறுன்னு பேர் வாங்கிக்கிட்டு லைப்ரரியில உக்காந்திருக்கிற பசங்க எத்தனை பேர்? வீட்டுல ஏற்கெனவே ஒரு சம்பளம் வருதுன்னா அவங்களுக்கு முன்னுரிமை எதுக்கு? வேலைக்கு வந்ததும் ஒரு வருஷம் பிரசவ லீவு வேற. ஸ்கூல்ல பாடம் யாரு எடுக்கிறது?

செம்பருத்தி எழுதியது:

வைகை அண்ணே, மைனா கேட்டது முன்னுரிமை இல்ல, வழி இருக்கான்னுதான். அடுத்தது, கொசுவலை கம்பெனி சூப்பர்வைசர் சம்பளத்தை வச்சு ரெண்டு பிள்ளைக்கு ஃபீஸ் கட்டிப் பாருங்க, அப்புறம் பேசலாம். புருஷனுக்குச் சம்பளம் வருதுங்கிறதுக்காக மனைவிக்கு வேலை வேண்டாம்னா, மனைவி டீச்சரா இருக்கிற ஆம்பளைங்க எல்லாரையும் குரூப் 2-ல இருந்து நிறுத்திடலாமா?

பிரசவ லீவு ரெண்டு பிள்ளை வரைக்கும்தான். 2016-ல ஒன்பது மாசம், 2021 ஜூலையிலிருந்து பன்னிரண்டு மாசம். அதுக்கு மாத்து ஆள் போடறது நிர்வாகத்தோட வேலை, பிள்ளை பெத்தவளோட குத்தம் இல்ல.

வழக்கேடு எழுதியது:

வைகை அண்ணன் கேட்ட கேள்வி பழசு. அரசாங்கமே அதைச் சட்டமா வச்சிருந்த காலம் உண்டு.

1951 பேட்ச்ல இந்தியாவோட முதல் பெண் ஐஏஎஸ் அதிகாரி அன்னா ராஜம், நம்ம சென்னை மாகாண கேடர். கல்யாணம் பண்ணிக்கிட்டா பணி முடிக்கப்படும்னு அவரோட நியமன ஆணையிலேயே எழுதியிருந்தது. அப்போ முதல்வர் ராஜாஜி, பெண்கள் இந்த வேலைக்கு வர்றதுல அவருக்கு நம்பிக்கை இல்லாத காலம். கலெக்டரேட் வேண்டாம், செக்ரட்டேரியட்ல இருங்கன்னாங்க. அவர் விடாம வாதாடி சப் கலெக்டரா ஓசூருக்குப் போனார். அந்த விதி பிற்பாடு மாறிச்சு.

வெளியுறவுப் பணியில இன்னும் மோசம். 1961 விதிகள்படி பெண் அதிகாரி கல்யாணம் பண்ண அரசாங்கத்துக்கிட்ட எழுத்துல அனுமதி வாங்கணும். குடும்பப் பொறுப்பு வேலையைப் பாதிக்கும்னு அரசு நினைச்சா ராஜினாமா கேட்கலாம். கல்யாணமான பெண்ணுக்கு நியமனம் உரிமையாக் கிடையாதுன்னு இன்னொரு விதி. முதல் பெண் ஐஎஃப்எஸ் அதிகாரியான சி.பி.முத்தம்மா சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1979-ல வி.ஆர்.கிருஷ்ணய்யர் கேட்டது ரொம்ப எளிமையான கேள்வி: கல்யாணம் பண்ணிக்கிற ஆண் அதிகாரியாலயும் இதே பாதிப்பு வரலாமே, அவர் ஏன் அனுமதி வாங்கல? வழக்கு நடக்கும்போதே அரசு அவருக்குப் பதவி உயர்வு கொடுத்துட்டு, விதிகளையும் விலக்கிக்கிறோம்னு சொல்லிடுச்சு. அதனால மனு தொழில்நுட்பமா தள்ளுபடி. ஆனா தீர்ப்பு அரசாங்கத்தைக் கிழிச்சுத் தொங்கவிட்டது.

முடிஞ்சுபோன கதைன்னு நினைக்காதீங்க. கல்யாணம் பண்ணிக்கிட்டதுக்காக 1988-ல ராணுவ நர்சிங் பணியிலிருந்து நீக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு 60 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டது 2024 பிப்ரவரியிலதான். அதே வருஷம் ஜூன்ல ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலையில கல்யாணமான பெண்களை எடுக்கிறதில்லன்னு ராய்ட்டர்ஸ் செய்தி வந்து, மத்திய தொழிலாளர் துறை மாநில அரசுகிட்ட அறிக்கை கேட்டது. தனியார்தான், ஆனா நம்ம ஊரு.

தலைகீழ் வேடிக்கையும் உண்டு. ராஜஸ்தான்ல அங்கன்வாடி வேலைக்குக் கல்யாணம் ஆகியிருந்தாத்தான் எடுப்போம்னு விதி. ஆகாத பெண் வேற ஊருக்கு வாக்கப்பட்டுப் போயிடுவாளாம். 2023-ல ஹைகோர்ட் செல்லாதுன்னு சொல்லிடுச்சு. ஆகியிருந்தாலும் தப்பு, ஆகலைன்னாலும் தப்பு.

டப்ளின்நர்ஸ் எழுதியது:

இழைக்குச் சம்பந்தம் இருக்கிறதால ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். இங்க அயர்லாந்துல 1973 வரைக்கும் அரசு வேலையில இருக்கிற பொண்ணு கல்யாணம் பண்ணினா வேலையை விட்டே ஆகணும். பிரைமரி டீச்சர்களுக்கு மட்டும் 1958-ல எடுத்தாங்க. போகும்போது கையில ஒரு தொகை குடுப்பாங்க, அதோட சரி. புருஷன் செத்துப்போனா மட்டும் திரும்பி வர அனுமதி உண்டு. செம்பருத்தி சொன்னதைப் படிச்சதும் இதுதான் ஞாபகம் வந்தது.

தடையை எடுத்த பிறகும் இன்னொரு ரூபத்துல இருந்தது. அரசோட வேலைப் பயிற்சித் திட்டங்கள் நிறைய, வேலையில்லாதவர்னு பதிவு செஞ்சு உதவித்தொகை வாங்கறவங்களுக்கு. புருஷன் வாங்கற தொகையில சார்ந்திருப்பவர்னு பேர் இருக்கிற மனைவி அந்தக் கணக்குலயே வரமாட்டா. அவ வீட்டுல சும்மா இருக்கா, ஆனா வேலையில்லாதவ இல்ல!

சிறுவாணி எழுதியது:

நம்ம ஊரு வேலையில்லாதோர் உதவித்தொகையும் அதேதான் அக்கா. பதிவு செஞ்சு அஞ்சு வருஷம் ஆகியிருக்கணும், அதுவரைக்கும் விடாம புதுப்பிச்சிருக்கணும், குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000 ரூபாய்க்குள்ள. புருஷன் மாசம் 6,000-க்கு மேல சம்பாதிச்சாலே மனைவி வெளியே. கிடைச்சாலும் பட்டதாரிக்கு மாசம் 600.

திரும்பி வர்றவங்களுக்குன்னே ஒரு மத்திய அரசுத் திட்டம் இருக்கு, மைனா அதைக் கேட்டிருக்காங்க, யாரும் சொல்லல. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையோட பெண் விஞ்ஞானிகள் திட்டம். இடைவெளி விட்ட பெண்களுக்காகவே ஆரம்பிச்சது, 27-லிருந்து 57 வயசு வரைக்கும் எடுத்தாங்க. இப்போ அதை வைஸ்-கிரண்ங்கிற பெரிய திட்டத்துக்குள்ள சேர்த்துட்டாங்க. நான் எம்.எஸ்சி வேதியியல் முடிச்சு, பிள்ளைகளுக்காக நிறுத்தி, பிறகு அதுல போனவ. நேர்மையாச் சொல்றேன், ஃபெலோஷிப் வந்தப்போ உலகமே திறந்த மாதிரி இருந்தது. ஆனா அது திட்டம், வேலை இல்ல. மூணு வருஷம் முடிஞ்சதும் கைகுலுக்கி அனுப்பிட்டாங்க. அந்த வயசுக்கு மேல நிரந்தர வேலைக்கு உதவிப் பேராசிரியர் அறிவிக்கைக்காகக் காத்திருக்கணும், அது தமிழ்நாட்டுல எப்ப வரும்னு உங்களுக்கே தெரியும். இப்போ ஒரு தனியார் காலேஜ்ல இருக்கேன், சம்பளத்தைக் கேக்காதீங்க.

அறிவியல் படிக்காத பெண்ணுக்கு அந்த அளவுகூட இல்ல. பி.காம் முடிச்சவ, பி.ஏ தமிழ் முடிச்சவ, அவங்களுக்கு ஒரு திட்டத்தோட பேரைச் சொல்லுங்க பார்ப்போம்.

திருவாரூர்மருமகள் எழுதியது:

நான் சொல்றேன். இல்லம் தேடிக் கல்வி! 2021-ல ஆரம்பிச்சாங்க. எங்க தெருவுல அதுக்குப் போனது முழுக்க பி.எட் முடிச்சு வீட்டுல இருந்த மருமகள்கள். சாயங்காலம் ஒண்ணரை மணி நேரம், இருபது பிள்ளை, மாசம் ஆயிரம் ரூபாய். தன்னார்வலர்னு பேர். மதிய உணவு மையம், அங்கன்வாடி, மக்களைத் தேடி மருத்துவம்னு எங்க பார்த்தாலும் கல்யாணமான பொண்ணுங்கதான், ஆனா எதுலயும் மத்த அரசு ஊழியருக்கு இருக்கிற மாதிரி முறையான காலமுறை ஊதியம் கிடையாது. சிறப்புக் காலமுறை ஊதியம், தொகுப்பூதியம், மதிப்பூதியம், ஊக்கத்தொகை, இப்படி எத்தனை பேர் வேணா வைப்பாங்க.

அதே ஊர்ல குடியிருக்கணும், சமையல், பிள்ளை பார்க்கிறது தெரிஞ்சிருக்கணும், கேள்வி கேட்காம இருக்கணும். இந்த மூணுக்கும் கல்யாணமான பொண்ணை விட்டா யாரு கிடைப்பா? அரசாங்கத்துக்கு நம்மளைத் தெரியலைன்னு செம்பருத்தி சொல்றாங்க. நல்லாவே தெரியும். குறைஞ்ச கூலிக்கு எங்க இருக்கோம்னு வீதி, கதவு எண் வரைக்கும் தெரியும்.

வைகைக்கரையான் எழுதியது:

திருவாரூர் தங்கச்சி சொன்னதை மறுக்க முடியல. என் வீட்டுலயும் அந்த ஆயிரம் ரூபாய்க்குப் போனா. ஆனா என் கேள்வி இன்னும் அப்படியே இருக்கு. வயசுத் தளர்வுன்னு ஒண்ணு குடுத்தா யாருக்கு உண்மையிலேயே இடைவெளி, யாருக்கு இல்லன்னு யார் சான்று தர்றது? அதுக்கும் விஏஓகிட்ட கையெழுத்து, அதுக்கும் ஒரு ரேட் ஆகிடும். ஆதரவற்ற விதவைச் சான்றுக்கு ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபீஸ்ல அலையறவங்களைப் பார்த்திருக்கேன்.

செம்பருத்தி எழுதியது:

இது நியாயமான கேள்வி அண்ணே. அதனாலதான் தனிச் சான்றே வேண்டாங்கிறேன். ஆசிரியர் வேலைக்கு 53, 58-ன்னு வச்ச மாதிரி எல்லாத்துக்கும் வயசு வரம்பைத் தளர்த்திட்டாப் போதும். குரூப் 2-ல பெரும்பாலான பதவிகளுக்கு பிசி, எம்பிசி, எஸ்சி, எஸ்டிக்கு உச்ச வயது வரம்பே இல்ல. எத்தனை அம்மாக்கள் அந்த வழியில வந்திருக்காங்க. யாரும் யாருக்கும் எதையும் நிரூபிக்கல. பரீட்சை எழுதினாங்க, வந்தாங்க.

நீலாங்கரை எழுதியது:

பொதுப்பிரிவுக்கு மட்டும் 32. அதுவும் கொரோனாவுக்கு அப்புறம் 2021-ல ரெண்டு வருஷம் ஏத்தினதால. எனக்கு 33, சின்னவளுக்கு மூணு வயசு. இடஒதுக்கீட்டை நான் எதிர்க்கல, தயவுசெஞ்சு அந்தச் சண்டையை இங்க இழுக்காதீங்க. சாதிக்கு அப்பாற்பட்டு, பிரசவத்துக்குப் போன வருஷங்களையாவது கழிச்சுக்கலாமேன்னுதான் கேக்கறேன். ராணுவத்துல இருந்து வர்றவங்களுக்கு சர்வீஸ் வருஷத்தை வயசுல கழிக்கிறாங்க இல்லையா?

வழக்கேடு எழுதியது:

நல்ல வாதம். பிரசவத்தை அரசு எப்படிக் கணக்குல எடுக்கணுங்கிறதுல கோர்ட் இப்போ கொஞ்சம் நகர்ந்திருக்கு. தமிழ்நாட்டு அரசுப்பள்ளி ஆசிரியை ஒருத்தருக்கு முதல் கல்யாணத்துல ரெண்டு பிள்ளை, மறுமணத்துக்கப்புறம் வேலையில இருக்கும்போது பிறந்தது ஒண்ணு. மூணாவதுன்னு சொல்லி லீவு மறுத்தாங்க. 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட் கொடுக்கச் சொன்னது, பிரசவ விடுப்பை இனப்பெருக்க உரிமையோட சேர்த்துப் பேசியிருக்கு. ஆனா அதெல்லாம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறவங்களுக்கு. வாசலுக்கு வெளியே நிக்கிறவங்களோட வருஷங்களைக் கழிக்கச் சொல்லி யாராவது வழக்குப் போட்டாத்தான் உண்டு.

கரூர்மைனா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. டெட் சர்டிபிகேட் பீரோவுல பத்திரமா இருக்கு, செல்லும்னு தெரிஞ்சதே எனக்குப் பெரிய விஷயம். வீட்டுக்காரர்கிட்ட காட்டினேன், "அப்போ டிஆர்பிக்குப் படி, ராத்திரி சோத்தை நான் பாத்துக்கறேன்"னார். எத்தனை நாளைக்குன்னு பார்க்கலாம்.

கோப்பு ஐயா, இன்னும் ஒரு சந்தேகம். தமிழ் வழியில படிச்சவங்களுக்கு 20 சதவீதம்னு சொல்றாங்க. நான் ஒண்ணாவதுல இருந்து காலேஜ் வரைக்கும் தமிழ் மீடியம். ஆனா அஞ்சாவது வரைக்கும் படிச்ச உதவிபெறும் பள்ளிக்கூடத்தை மூடிட்டாங்க. அதுக்கு யார்கிட்ட சான்று வாங்கறது?

பழையகோப்பு எழுதியது:

நல்ல வேளை இப்பவே கேட்டீங்க. 2020 திருத்தத்துக்கு அப்புறம் ஒண்ணாம் வகுப்புலயிருந்து தேவையான படிப்பு வரைக்கும் ஒவ்வொரு நிலைக்கும் தமிழ் வழிச் சான்று கேட்பாங்க. பட்டம் மட்டும் தமிழ்ல படிச்சா போதாது. பி.எட்டும் தமிழ் வழியான்னு பாருங்க, அங்க நிறைய பேர் மாட்டிக்கிறாங்க.

மூடின பள்ளியோட பதிவேடு வட்டாரக் கல்வி அலுவலகத்துல இருக்கணும். பள்ளி பேர், எந்த வருஷம் எந்த வகுப்பு, அப்பா பேர், பிறந்த தேதி எழுதி ஒரு மனு குடுத்து ஒப்புகை வாங்கிக்கோங்க. ஆறாம் வகுப்புல சேர்ந்தப்போ குடுத்த டிசி நகல் மேல்நிலைப்பள்ளியில இருந்தா அதையும் இணைங்க. அறிவிக்கை வந்த பிறகு போனா, அந்த மாவட்டமே அந்த அலுவலகத்துல நிக்கும். இந்த வாரமே போயிட்டு வந்துடுங்க. புதன்கிழமை வேண்டாம், ஆய்வுக்கு வெளியே போயிருப்பாங்க.